கேட்க முதல் திறந்தவர்

ஒரு காரின் டிக்கியைத் திறக்க மூன்று வழிகள் இருக்கின்றன. வெளியில் நின்று சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்டுத் திறக்கலாம். சாரதியின் இருக்கையருகே இருக்கும் லீவரை இழுத்துத் திறக்கலாம். இரண்டும் சரிவராவிட்டால் பின்னிருக்கையைக் கழற்றி, உள்ளே ஊர்ந்து போய், பூட்டின் நாக்கைக் கையால் தள்ளித் திறக்கலாம். மெக்கானிக் டிப்ளோமா படிக்கிற காலத்தில் இந்த ஒழுங்கில்தான் குறித்து வைத்தேன். இப்போது மன்னார் டவுனில் கராஜ் ஒன்றில் வேலை. அங்கேயும் இந்த ஒழுங்கில்தான் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு எந்த வழி என்பது முக்கியமில்லை. எப்போது திறக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

"கேட்டாப் பிறகு திறந்தா அது பயம், பிள்ளை. கேட்க முதல் திறந்தா அது மரியாதை."

அவர் இதைச் சொல்லாத நாள் குறைவு. அவர் இறந்து ஒரு மாரி போய்விட்டது. இன்றைக்கும் கராஜில் யாராவது டிக்கி இறுகிவிட்டது என்று வந்து நின்றால் எனக்கு முதலில் அவருடைய கைதான் ஞாபகம் வரும். திறந்த மூடிக்குப் பக்கத்தில், விரல்களை விரித்து, வெளியே தெரியும்படி தொங்கவிட்ட கை.

மாமா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த ஆள். வெள்ளைச் சேர்ட்டைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டுவார். அந்தப் பொத்தானைத் தவிர வேறு எதையும் அவர் பூட்டி நான் பார்த்ததில்லை. வீட்டில் அலுமாரி எப்போதும் திறந்தே கிடக்கும். போகிற வருகிற ஆட்களுக்கு மடித்து வைத்த சாரங்களும் மாமியின் பூசைச் சேலையும் தெரியும். மாமி மூடிவிட்டுப் போவார், இவர் பின்னால் போய்த் திறப்பார். வாசல் படலையும் அப்படித்தான். ஊர் ஆடுகள் எல்லாம் மாமியின் மரவள்ளியில்தான் வளர்ந்தன.

டவுனில் புதிதாகப் பெரிய கடை ஒன்று திறந்தபோது, வாசலில் நின்ற காவலாளியிடம் மாமா பையைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடும் ஒரு குடையும். காவலாளி சிரித்துவிட்டான்.

"ஐயா, போகேக்கதான் பை பாக்கிறது. வரேக்க இல்லை."

"இருக்கட்டும் தம்பி. இப்ப ஒருக்காப் பாரும், போகேக்க ஒருக்காப் பாரும்."

கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மை நாளில் அவர் ஒரு கொம்பாஸ் பெட்டி கொண்டுவந்தார். மற்றவர்கள் தந்த பரிசுகள் எல்லாம் மினுங்கும் தாளில் சுற்றி, ரிபன் கட்டியிருந்தன. இவருடையதைச் சுற்றியிருக்கவில்லை. பெட்டியின் மூடியும் திறந்திருந்தது. அம்மா ஒரு மாதிரிப் பார்த்தார். "உள்ளுக்கு என்ன எண்டு பிள்ளை யோசிச்சுக் கொண்டு நிக்கக் கூடாது" என்றார் மாமா. அந்தக் கொம்பாஸை டிப்ளோமா முடியும்வரை வைத்திருந்தேன்.

இனி அந்தக் கார். சிறீ இலக்கத் தகட்டோடு இருந்த பழைய வெள்ளைக் கார். அதன் டிக்கியைத் தயாரித்தவர்கள் வெளியிலிருந்து திறக்கத்தான் வழி வைத்திருந்தார்கள். மாமா பிறகு சைக்கிள் பிறேக் கேபிள் ஒன்றை உள்ளால் ஓடவிட்டு, தன் இருக்கையருகே ஒரு லீவர் பூட்டியிருந்தார். அது அறுந்தால் இழுப்பதற்குப் பின்னிருக்கையின் பின்னால் ஒரு நைலோன் கயிறும் கட்டியிருந்தார். பயணம் கிளம்பும் முன்னர் மூன்றையும் சோதிப்பார். திறப்பு, லீவர், கயிறு. மாமி சீட்டில் ஏறி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி இருப்பார்.

"என்னப்பா, உங்கட டிக்கிப் பூசை முடிஞ்சுதோ? இல்லாட்டி நற்கருணையும் குடுப்பீங்களோ?"

"நீர் சும்மா இரும்."

எங்களிடம் வாகனம் இல்லாததால், முருங்கன் ஆஸ்பத்திரிக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும்போது அம்மாவும் நானும் அந்தக் காரில் தொற்றிக்கொள்வோம். எங்கள் மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் ஏறியதும் அந்த நாட்களில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடி, ஒரு சென்றி, இருந்தது. மண்மூட்டை, தகரக் கூரை, தெருவை மறித்து வைத்த மரக்குற்றிகள். மற்ற வாகனங்கள் நின்று, கேட்ட பிறகு இறங்கித் திறக்கும். மாமாவின் கார் நிற்கும்போதே லீவர் இழுபட்டுவிடும். டக் என்ற சத்தத்தோடு மூடி மேலே எழும். மாமா இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்பார். சென்றிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹரி, யன்ன" என்பார். சரி, போகலாம்.

ஆனால் மாமா உடனே வரமாட்டார். கந்தோரில் பழகிய சிங்களத்தில் அந்த ஆளிடம் ஏதோ ஒன்று கேட்பார். அந்த ஆள் தலையாட்டுவார், அல்லது கையை விரிப்பார். மாமா நன்றி சொல்லி மூடியை அமத்திவிட்டு வருவார். ஒவ்வொரு முறையும் இதுதான். சின்ன வயதில் நான் அவர் வழி கேட்கிறார் என்று நினைத்தேன். எத்தனை தரம் போன தெருவுக்கு ஏன் வழி கேட்கிறார் என்று அம்மாவிடம் கேட்க, அம்மா என் தொடையில் கிள்ளினார்.

விசயத்தை எனக்கு மாமிதான் சொன்னார். நான் படிக்கப் போய், விடுமுறையில் வந்திருந்த சமயம். மாமி கிணற்றடியில் பலகையில் குந்தியிருந்து நண்டு கழுவிக்கொண்டிருந்தார். மாமா எதற்காக இப்படி எல்லாவற்றையும் திறந்துகொண்டு திரிகிறார் என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"உன்ர கொம்மா சொல்லேல்லையே?" என்றார். பிறகு நண்டின் ஓட்டைக் கழற்றியபடியே சொன்னார்.

"நீ பிறக்க முந்தி. முருங்கனில ஒரு செத்தவீடு. மூண்டு பேரும் போட்டுத் திரும்பி வாறம். பாலத்தடிச் சென்றியில மறிச்சு, டிக்கியைத் திற எண்டாங்கள். இவர் திறப்பைப் போட்டுத் திருப்பினார். பாதி கையில, பாதி பூட்டுக்குள்ள. அவ்வளவுதான். எல்லாரும் பின்னால பாஞ்சு துவக்கை நீட்டிட்டாங்கள். உள்ளுக்கு என்னவோ கிடக்கு எண்டு. என்ர பிள்ளை இறங்கிப் போய், 'உள்ளுக்கு ஒண்டுமில்லை, சேர்' எண்டான். ஒரே பிள்ளை. ஏஎல் சோதினை எழுதிப்போட்டு இருந்தவன். பிறகு அலவாங்கு போட்டுக் கிளப்பினாங்கள். என்ன கிடந்தது? ஒரு பாய், ஸ்பெயார் ரயர், அரைச் சாக்கு அரிசி."

"பிறகு?"

"அவனை மட்டும் நிக்கட்டாம். ரண்டொரு கேள்வியாம். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போகட்டாம். பின்னேரம் போனம். அப்பிடி ஒருத்தரையும் தாங்கள் மறிக்கேல்லை எண்டாங்கள்."

மாமி வாளியைச் சரித்து நண்டுத் தண்ணியை ஊற்றினார்.

"டிக்கி சுகமாத் திறந்திருந்தாலும் கொண்டுதான் போயிருப்பாங்கள். அந்த வயசு போதும் அவங்களுக்கு. உவருக்குச் சொன்னா ஏறாது. திறப்பு உடையாம இருந்திருந்தா அவன் இப்ப இருப்பான் எண்டுதான் உவர் நினைக்கிறார். இத்தினை வருசமா எனக்கும் உவருக்கும் இந்த ஒரு சண்டைதான்."

அதற்குப் பிறகுதான் மாமா சென்றியில் என்ன கேட்டார் என்று எனக்கு விளங்கியது. ஒரே ஒரு கேள்வி. என் மகனை இந்த இடத்தில் நிறுத்தி வைத்தீர்கள், அவன் எங்கே? டிக்கியைத் திறந்து, பார்க்கவிட்டு, ஹரி என்ற சொல் வந்த பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்விக்கு வாய் வரும். தன் பக்கத்தில் இந்த முறை ஒரு குறையும் இல்லை என்று காட்டிவிட்டுக் கேட்பார்.

சென்றியை அங்கிருந்து எடுத்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போது ஆட்கள் கை தட்டினார்கள். மண்மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் மணல். எங்கள் வீட்டில் அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். மாமா மட்டும் எங்கள் முற்றத்துக்கு வந்து, கதிரையில் இருக்காமல், அப்பாவிடம் கேட்டார்.

"இனி ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

 எனக்கு அன்று அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் அவர் அந்த இடத்தில் காரை நிறுத்தினார். லீவரை இழுப்பார், இறங்குவார், மூடிக்குப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்பார். பின்னால் வருகிற பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். சோளகக் காற்றுப் பெயர்ந்துவிட்டால் அது மூடியைப் பிடித்து ஆட்டும், இவருடைய வெள்ளைச் சேர்ட்டை ஊதிப் பருக்க வைக்கும். சற்று நேரம் நின்றுவிட்டு மூடிக்கொண்டு வருவார். மாமி திரும்பிப் பார்ப்பதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

ஒரு நாள் நானும் கூட இருந்தேன். முருங்கன் சந்தையில் வாங்கிய கோவா, கீரை, மற்ற மரக்கறி எல்லாம் டிக்கியில். மாமா வழக்கம்போல் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, எங்கிருந்தோ ஒரு கழுதை வந்தது. தெருவைக் கடந்து நேரே காரடிக்குப் போய், தலையை டிக்கிக்குள் விட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தது. மாமி கண்ணாடியில் கண்டுவிட்டார்.

"இஞ்சருங்கோ, செக் பண்ண ஆள் வந்திட்டுது. மரியாதையாக் காட்டுங்கோ."

மாமா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கழுதை ஒரு கோவாவை எடுத்துக்கொண்டு போனது. காரில் வந்து ஏறிய பிறகும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கேள்வியைக் கேக்க மறந்து போனன்" என்றார். 

சில வருடங்களுக்கு முன்னர் அந்த இடத்தில் திரும்பவும் சென்றி போட்டார்கள். ஊர் முழுக்க முகம் கறுத்தது. மாமா முகம் வழித்து, தோய்த்த சேர்ட் போட்டுக்கொண்டு தனியாகக் காரை எடுத்துப் போனார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதியம் கராஜுக்கு வந்து காரை ஓரமாக விட்டார்.

"என்ன மாமா, டிக்கி பிழையோ?"

"டிக்கி நல்லா வேலை செய்யுது. அவங்கள் பாக்கேல்லை."

"பாக்கேல்லையோ?"

"இழுத்துத் திறந்தன். ஒரு பெடியன் வந்தான். தேவையில்லை அங்கிள், மூடிக்கொண்டு போங்கோ எண்டான். நல்ல பெடியன், சிரிச்ச முகம். நான் மகனைக் கேட்டன். எப்ப எண்டு கேட்டான். சொன்னன். அந்த நேரம் நான் பிறக்கேல்லை அங்கிள் எண்டான்."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். அந்தப் பெடியனுக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்தது.

அந்தச் சென்றியும் கொஞ்ச நாளில் போய்விட்டது. பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது, மாமி என் கையைப் பிடித்து வாகை மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"உன்னட்ட வருவார். பழைய பூட்டையும் திறப்பையும் கொண்டு வருவார். அவற்ற பிழை இல்லை எண்டு சொல்லு பிள்ளை. நான் சொன்னா மனிசி சொல்லுறாள் எண்டு விடுவார். நீ படிச்சனி. நீ சொன்னா ஏறும். சாகிற காலத்திலயாவது நிம்மதியாக் கிடக்கட்டும்."

"பாத்துத்தான் சொல்லுவன் மாமி. பாக்காமச் சொல்ல மாட்டன்."

"பாத்துச் சொல்லு. ஆனா அப்பிடிச் சொல்லு."

அடுத்த கிழமை மாமா வந்தார். பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று. வழியெல்லாம் மூடியைத் திறந்தபடியே கொண்டுவந்திருந்தார். உள்ளே அலவாங்கால் நெளிந்த பூட்டு, திறப்பின் இரண்டு பாதிகள். என் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

"உது ஏன் உடைஞ்சது எண்டு உன்னால சொல்ல ஏலுமோ? நான் எண்ணெய் விட்டிருந்தா உடைஞ்சிராது, என்ன?"

நான் வேலைக்குரிய ஒழுங்கில்தான் பார்த்தேன். முதலில் பூட்டு. பிறகு திறப்பின் பல். பிறகு உடைந்த முகம், பூதக்கண்ணாடியில். திறப்பின் கழுத்தில், உடைந்த முகத்தின் பெரும்பகுதி கறுத்துப்போயிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பகுதி மட்டும் நிறம் வேறாக இருந்தது. அந்தக் கறுப்பு, வெடிப்பு அங்கே முதலே இருந்ததற்கு அடையாளம். வெளியில் தெரியாத வெடிப்பு. திறப்பைத் திருப்பத் திருப்ப அது உள்ளே ஓடிக்கொண்டு போய், கடைசியாக மிச்சமிருந்த அந்த ஓரத்தில் அறுந்திருக்கிறது. எனக்கு எதையும் கூட்டவோ குறைக்கவோ தேவைப்படவில்லை. மாமி கேட்டதும் உண்மையும் ஒன்றாகவே இருந்தன.

"எண்ணெய் விட்டிருந்தாலும் உடைஞ்சிருக்கும் மாமா. வெடிப்பு உள்ளுக்க முதலே இருந்திருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. உங்கட பிழை இல்லை."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் மாமா. வடிவாப் பாத்தனான்."

அவர் அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அவனை ஏன் பிள்ளை கொண்டு போனவங்கள்?"

கராஜுக்கு வருகிறவர்களிடம் சொல்வதற்கு மிகக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் பிழை இல்லை, ஆனால் வாகனம் ஓடாது. இதைச் சொன்னால் எவரும் ஏற்கமாட்டார்கள். ஏதாவது ஒரு பாகத்தைக் காட்டி இதுதான் என்றால், எவ்வளவு பழையதாக இருந்தாலும், ஆறுதலோடு போவார்கள். கண்டுபிடித்த பிழையைத் திருத்தலாம். மாமா இத்தனை வருடமாக அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். கேபிள் போட்டார், கயிறு கட்டினார், கேட்க முதல் திறந்தார். இப்போது திருத்த ஒன்றுமில்லை.

மாமா துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டு, மூடியை வைத்து, நாலு பக்கமும் அமத்தி மூடினார். பிறகு வெளியே போனார்.

அந்த மாதத்துக்குள்ளேயே அலுமாரி மூடிக் கிடந்தது. படலை மூடிக் கிடந்தது. மரவள்ளி தளிர்த்தது. ஊரில் மாமாவுக்குச் சுகம் வந்துவிட்டது என்றார்கள். மாமி ஒரு பின்னேரம் வேலியடியில் நின்று சொன்னார்: "முந்தி நாள் முழுக்கத் திறந்து திறந்து திரிவார். ஏசிக்கொண்டாவது இருப்பன். இப்ப கதிரையில இருக்கிறார். ஏச ஒண்டுமில்லை." என்மேல் குற்றம் சொல்லவில்லை. தன்மேலும் சொல்லவில்லை.

மாரி தொடங்கும்போது அவருக்குக் கால் வீங்கியது. முருங்கனில் கிளினிக். அவரால் ஓட்ட முடியாது என்பதால் நான் அந்த வெள்ளைக் காரை ஓட்டினேன். மாமா முன்னால், மாமி பின்னால். கிளம்பும் முன் மாமா எதையும் சோதிக்கவில்லை. பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறியிருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். பெருநிலத்தில் ஏறினோம். அந்த இடம் வந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார் மாமி பின்னாலிருந்து. "டிக்கியைத் திற."

நான் ஓரத்தில் நிறுத்தி லீவரை இழுத்தேன். டக் என்ற சத்தம் கேட்டது. மூடி எழுந்து, பின்கண்ணாடி முழுக்க நிறைந்தது. மாமி இறங்கினார். நான் பார்த்து, அந்த இடத்தில் மாமி இறங்கியது அன்றுதான். அவருடைய செருப்புச் சத்தம் காரைச் சுற்றிப் பின்னால் போனது.

சற்று நேரம் மாமா அசையவில்லை. பிறகு கதவைத் திறந்து, கூரையைப் பிடித்து, வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்து இறங்கினார். உதவிக்கு நான் இறங்கப் போனேன், கையால் வேண்டாம் என்று காட்டினார்.

காற்றில் அவர்கள் பேச்சுத் துண்டு துண்டாக வந்தது.

"உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு பாருங்கோ."

"பாய். ரயர்."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

ஒரு லொறி கடந்து போனது. கார் ஒருமுறை ஆடி நின்றது.

"அவனும் அண்டைக்கு அதைத்தானப்பா சொன்னவன்" என்றார் மாமி.

 மூடி விழும் சத்தத்துக்காக நான் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடியில் வெள்ளைத் தகரத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவர்கள் மூட நேரம் எடுத்தார்கள்.